சேர்லின் கோடு: குவாய் நதியும் கேலிச்சித்திரமும்

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவிலே, களனி கங்கையின் கரையோரத்தில், கொங்கிறீற்று அடித்தளங்கள் சில இன்றும் எஞ்சியுள்ளன. 1957 ஆம் ஆண்டு வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காக நெறியாளர் டேவிட் லீன் அங்கு பெரியதொரு மரப்பாலத்தைக் கட்டுவித்தார். படப்பிடிப்பின் இறுதியில் அதனை வெடிவைத்துத் தகர்ப்பித்தார். எஞ்சியிருப்பவை அப்பாலத்தின் அடித்தளங்கள். சப்பிரகமுவையின் காடும் ஆறும் சயாம் நாட்டுக் காடாகவும் ஆறாகவும் உலகத் திரைகளிலே காட்டப்பட்டன. படத்துக்கு ஏழு ஒஸ்கார் பரிசுகள் கிடைத்தன. அன்று தொட்டு, குவாய் என்ற பெயரைக் கேட்டதும் பலரது மனக்கண்ணில் எழும் நிலக்காட்சி கித்துல்கலவின் நிலக்காட்சியே எனலாம்.

சயாம் - பர்மா இருப்புப்பாதைக்கு இதனின் வேறான ஓர் ஓவியச் சான்றும் உண்டு. கிடைத்த கடதாசித் துண்டுகளிலே, கிடைத்த பென்சிலாலும் மையாலும், காவலர் கண்ணுக்குத் தப்பி வரையப்பட்டது அது. வரைந்தவர் றொனால்ட் சேர்ல் (1920 - 2011). யப்பானியரின் போர்க்கைதியாய் அப்பாதையிலே வேலை செய்த இவ்விளைஞர், பிற்காலத்தில் அட்டகாசமான பள்ளிச் சிறுமியரை வரைந்து ஆங்கில உலகெங்கும் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரரானார். அவரைப் பற்றி எழுதுவோர் அவரது வாழ்க்கைப்பணியை மூன்று கூறாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. சிறைமுகாம்ச் சித்திரங்கள் வரலாற்று ஆவணம், பள்ளிச் சிறுமியர் வெறும் நகைச்சுவை, பிரான்சுக்குக் குடிபெயர்ந்தபின் வரைந்தவையே கலை என்பது அப்பாகுபாடு. வசதியான பாகுபாடுதான். ஆனால் சேர்லின் கோட்டைச் சற்று ஊன்றி நோக்குவார்க்கு அது நிலைகொள்ளாது. முகாமிலே பிறந்த ஒரு பார்வையே மூன்றிலும் தொழிற்படுகின்றது என்பதும், அப்பார்வையின் பலமும் எல்லையும் தோட்டத்துத் தமிழ் வாசகனுக்கு ஏனையோரிலும் கூடுதலாக உறைக்கவேண்டியவை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சேர்ல் கேம்பிரிட்ஜிலே எளிய குடும்பத்திற் பிறந்தவர். அந்நகரின் ஓவியப் பள்ளியிலே பயின்றவர். 1939 இல் படையிற் சேர்ந்து, பொறியியற் படைப்பிரிவொன்றில் 1942 சனவரியிலே சிங்கப்பூரை வந்தடைந்தார். ஒரு மாதம் கழியுமுன்னரே, பெப்ரவரி 15 ஆந் திகதி, சிங்கப்பூர் வீழ்ந்தது. சாங்கி முகாமிலே அடைக்கப்பட்ட அவர், 1943 இல் இருப்புப்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார். தாய்லாந்தின் பான்பொங் முதல் பர்மாவின் தன்பியூசயாத் வரை ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை, 1942 நடுப்பகுதியிலே தொடங்கி 1943 ஒக்டோபரில் முடிக்கப்பட்டது. மழைக்காலத்திலே கொலரா பரவியது. மலேரியா, பெரிபெரி, புரையோடிய புண்கள் ஆகியன எஞ்சியோரையும் விட்டுவைக்கவில்லை. ஏறக்குறைய 60,000 நேசநாட்டுக் கைதிகள் அங்கு வேலை வாங்கப்பட்டனர்; அவர்களுள் 12,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இச்சூழலிலேதான் சேர்ல் வரைந்தார். அகப்பட்டால் தண்டனை கடுமையாயிருக்கும் என்பதை அறிந்தே வரைந்தார். வரைந்தவற்றைக் கொலராவால் இறந்துகொண்டிருந்தோரின் படுக்கைகளின் கீழ் ஒளித்துவைத்தார். தொற்றுக்கு அஞ்சிய காவலர் அப்படுக்கைகளை அணுகமாட்டார் என்பது அவர் கண்ட உபாயம். போர் முடிந்தபோது ஏறத்தாழ 300 சித்திரங்கள் தப்பியிருந்தன. அவை இன்று இலண்டன் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலே உள்ளன. அவற்றை முழுமையாகத் தொகுத்த நூல் 1986 இலேதான் வெளிவந்தது. நாற்பதாண்டு இடைவெளி! இடையிலே அவரது பெயரைக் கேட்டவுடன் சிரித்துப் பழகிய வாசகர் தலைமுறையொன்று வளர்ந்து முதிர்ந்துவிட்டது.

இச்சித்திரங்களை இரங்கத்தக்க காட்சிகளின் தொகுதியாக மட்டும் நோக்குவது அவற்றுக்குச் செய்யும் அநீதியாகும். இரக்கத்தைக் கெஞ்சிப்பெறும் உத்திகள் எவையும் அவற்றில் இல்லை. கொலராவால் இறந்துகொண்டிருக்கும் கைதியை வரையும்போது சேர்லின் பென்சில் அவனது எலும்புகளின் மேடுபள்ளங்களையும், தோல் தொங்கும் விதத்தையும், முகத்திலிருந்து ஆள் மெல்ல அகன்றுபோவதையும் பொறுமையாகப் பதிகின்றது. வரைபவரும் அதே பட்டினியில் இருப்பவர். நாளை அதே பாயிலே கிடக்கக்கூடியவர். ஆதலால் மேலிருந்து நோக்கும் கருணைக்கு அங்கு இடமில்லை. மரணத்தை எதிர்பார்த்திருந்தவன் தான் இவ்வழியாய்ச் சென்றமைக்குச் சுவரிலே கீறிவைத்த அடையாளங்களைப் போன்றவை அவை என்ற கருத்திலே அவரே பின்னர் குறிப்பிட்டுள்ளார். காவலரை வரையும்போதும் இதே அடக்கம் காணப்படுகின்றது. கொடியவனைக் கொடியவனாகக் காட்டப் பூதாகாரமான பற்களையும் கண்களையும் ஒட்டவைப்பது போர்க்காலக் கேலிச்சித்திரத்தின் மலிவான வழி. நேசநாட்டுப் பத்திரிகைகள் யப்பானியரை அக்காலத்தில் அவ்வாறே வரைந்தன. அடியும் உதையும் பட்ட சேர்லோ அதனைச் செய்யவில்லை. அவரது காவலர் கால்களை அகட்டி நிற்கும், களைத்துப்போன, சலிப்புற்ற சாதாரண மனிதர். சாதாரண மனிதராலேயே இவ்வளவும் செய்யமுடிகின்றது என்பதுதான் அச்சித்திரங்களின் பயங்கரம்.

திரைப்படத்துக்கு மீள்வோமாயின் வேறுபாடு தெளிவாகும். கித்துல்கலவிலே படமாக்கப்பட்ட கதையின் மையம் கேணல் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரியின் பிடிவாதம். அலெக் கின்னெஸ் அப்பாத்திரத்தை நுட்பமாக நடித்தார் என்பதில் ஐயமில்லை. படம் திறமான படமே. ஆயினும் அதன் கைதிகள் நிமிர்ந்து நடப்பவர்கள்; சீழ்க்கையடித்து அணிவகுப்பவர்கள். அவர்கள் கட்டும் பாலம் ஒரு பொறியியற் சாதனையாகவும், அதன் தகர்ப்பு ஒரு நாடக முடிவாகவும் அமைகின்றன. சேர்லின் சித்திரங்களிலே சாதனை எதுவும் இல்லை. மலைப்பாறையை வெட்டும் கைதிகளின் வளைந்த முதுகுகள் உண்டு. முடிந்த பாதை அங்கு முக்கியமன்று; வெட்டும் கை எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதே முக்கியம். ஒரே நிகழ்ச்சியை வெற்றி தோல்வியாகப் பார்ப்பதற்கும் உடம்பாகப் பார்ப்பதற்கும் இடையே உள்ள தூரம் இது.

இவ்விடத்திலே இன்னொன்றையும் கூறியாகவேண்டும். குவாய்ப் பாதையிலே வெள்ளைக் கைதிகளிலும் பன்மடங்கு தொகையான ஆசியத் தொழிலாளர் வேலை வாங்கப்பட்டனர். அவர்களது தொகை 2 இலட்சம் அளவிலும், இறந்தோர் தொகை 90,000 அளவிலும் இருந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகின்றது. பர்மியரும் மலாயரும் சாவகரும் சீனரும் இவர்களுட் சேர்வர். மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பலவந்தமாகவும் ஏற்றிச்செல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். கைதிகளிடையே படை மருத்துவர்கள் இருந்தார்கள். ஒழுங்கும் கட்டுப்பாடும் இருந்தன. பெயர்ப் பதிவு இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. இறந்த கைதிக்குக் காஞ்சனபுரியிலே பெயர் பொறித்த கல்லறை உண்டு. இறந்த தமிழனுக்கு, காட்டிலே வெட்டிய பொதுக்குழி.

திரைப்படத்தில் இத்தொழிலாளர் இல்லை. பாலம் முழுவதையும் ஆங்கிலக் கைதிகளே கட்டி முடிப்பதாகக் கதை செல்கின்றது. படத்துக்கு மூலமான நாவலை 1952 இல் எழுதிய பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், போருக்கு முன்னர் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலே தொழில்நுட்பவியலாளராகப் பணியாற்றியவர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பால்வெட்டும் தமிழரைத் தினந்தோறும் காணும் தொழிலில் இருந்தவரின் கதையிலும் அவர்களுக்கு இடம் கிட்டவில்லை. படம் எடுக்கப்பட்ட இடத்தை நோக்கினால் இம்மறதி இன்னும் கூர்மையாகின்றது. கித்துல்கலவைச் சுற்றி, எட்டியாந்தோட்டைப் பக்கமெங்கும், தேயிலையும் றப்பரும். அத்தோட்டங்களின் லயங்களிலே வாழ்ந்தவர், மலாயாவுக்குப் போனவர்களைப் போன்றே தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினாலும் அடுத்த ஆண்டு வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும் அவர்களுட் பெரும்பான்மையோர் நாடற்றவராயும் வாக்கற்றவராயும் ஆக்கப்பட்டிருந்தனர். நாடற்ற தமிழர் வாழ்ந்த பள்ளத்தாக்கொன்று, தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்ட பள்ளத்தாக்காக வேடம் புனைந்தது. வேடத்திலும் தமிழரைக் காணோம், நிசத்திலும் அவர் கணக்கில் இல்லை. 1964, 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தங்களையும், 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களையும் கடந்தே அக்கணக்கு ஒருவாறு தீர்க்கப்பட்டது.

இந்நோக்கிலே சேர்லையும் அளவிடத்தான் வேண்டும். அவரது முகாம்ச் சித்திரங்களின் மையத்தில் இருப்பவன் சக கைதியே. அதனைக் குறையாகக் கூறுவது எளிது, நியாயமாகாது. தான் படுத்த பாயிலிருந்து கண்ணுக்கு எட்டியவற்றை வரைந்தவர் அவர். எல்லாவற்றையும் கண்டதாக அவர் எங்கும் பாசாங்கு செய்யவில்லை. திரைப்படமோ முழுக்கதையையும் கூறுவதுபோல நடிக்கின்றது. அதனாலேயே அதன் மௌனம் பொய்யாகின்றது. எவ்வாறாயினும், தமிழ்த் தொழிலாளரின் துயரத்தைச் சுமந்துவந்தவை பெரிதும் வாய்மொழி நினைவுகளே. அவற்றின் வழிவந்த இலக்கியமும் காலந்தாழ்த்தியே தோன்றியது. மலேசியாவிலே ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1990களிலும், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ அதன் பின்னரும் வந்தன. இந்நாவல்களைப் படிப்போர் சேர்லின் சித்திரங்களையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளல் நன்று. சொல் தேடித் தவிக்கும் இடங்களிலே கோடு கைகொடுக்கும். கோடு எட்டாத குடிசைகளுக்குள்ளே சொல் நுழையும்.

இனிப் பள்ளிச் சிறுமியர். சென் றினியன்ஸ் என்னும் கற்பனைப் பெண்கள் விடுதிப் பள்ளியைப் பற்றிய முதற் சித்திரம் 1941 இல் ‘லிலிபுட்’ சஞ்சிகையிலே வெளியாயிற்று. அப்பெயர் எடின்பரோவிலிருந்த ஒரு பள்ளியின் பெயரைத் தழுவியது. ஸ்கொட்லாந்திலே படைப்பயிற்சியில் இருந்தபோது சேர்ல் அதனை அறிந்துகொண்டார். அம்முதற் சித்திரத்தில் உள்ளது மென்மையான பகிடி. போருக்குப்பின் அவர் அதே பள்ளியை மீண்டும் வரைந்தபோது பகிடியின் குணம் மாறிவிட்டது. சிறுமியர் கத்தியும் மதுப்போத்தலும் கோடரியும் ஏந்தினர். தோழியரைச் சித்திரவதை செய்தனர். பள்ளிக் கட்டிடத்தின் ஒரு பகுதியையே எரித்தனர். தலைமையாசிரியையோ, கரும்பலகையிற் கிறுக்கியவர் யார் என்று கேட்கும் அதே தொனியில், எரித்தவளைக் கையுயர்த்தச் சொல்கிறாள். 1948 இல் முதற்றொகுதி வெளிவந்ததும் ஆங்கில வாசகர் விழுந்து விழுந்து சிரித்தனர்.

அவர்கள் எதைக் கண்டு சிரித்தனர்? சீருடை, வரிசை, தண்டனை, அதிகாரியின் அமைதியான குரல், பழகிப்போன கொடுமை என யாவும் முகாமின் உறுப்புகளே. சிறுமியரின் குச்சிக் கால்களும் வெளித்தள்ளிய முழங்கால்களும் முகாமிலே அவர் கற்ற உடற்கூற்றை நினைவூட்டுகின்றன. கொடுமை அன்றாட வழக்கமாகிவிட்ட இடத்தில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதைக் கண்கூடாகக் கண்டவர், அதனை ஆங்கிலேயருக்கு மிகவும் பிரியமான ஒரு நிறுவனத்துக்குள்ளே கொண்டுசென்று வைத்தார். போரைக் கடந்து வந்த சமுதாயம் நேரே நோக்க அஞ்சியதைச் சிரிப்பினூடு நோக்கியது. அதனால் இவற்றை ‘வெறும் நகைச்சுவை’ என ஒதுக்குவது வாசிப்புச் சோம்பலேயன்றி வேறில்லை.

ஆனால் புகழ் கலைஞனை விழுங்க முயன்றது. வாசகர் மேலும் மேலும் சிறுமியரையே கேட்டனர். சலிப்படைந்த சேர்ல் 1950களின் தொடக்கத்தில் அப்பள்ளியின்மேல் அணுகுண்டைப் போட்டு அழித்துவிட்டார்! அதன் பின்னரும் 1954 முதல் திரைப்படங்கள் தொடர்ந்து வந்தன. படைத்தவன் கொன்ற பாத்திரத்தைச் சந்தை உயிர்ப்பித்துக்கொண்டது. ஜெஃப்றி வில்லன்ஸ் எழுதிய மோல்ஸ்வேர்த் நூல்களுக்கு அவர் வரைந்தவை இக்காலத்து நல்லறுவடை. அங்கே எழுத்தும் கோடும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ‘பஞ்ச்’ இதழுக்கென வரைந்த நாடக நடிகரின் முகச்சித்திரங்கள் கைத்திறனைக் காட்டுவன. அதற்குமேல் அவற்றைப்பற்றிக் கூற அதிகமில்லை.

கேலிச்சித்திரம் ஓவியத்தின் ஏழைத் தங்கை என்ற எண்ணம் இலங்கையிலும் வலிதாகவே இருந்தது. சேர்ல் இருப்புப்பாதையில் இருந்த அதே 1943 இல், கொழும்பிலே லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற் முதலியோருடன் ‘43 குழு’வைத் தொடக்கியவர்களுள் ஒருவர் ஒப்ரி கொலெற். நவீன ஓவியராகத் தொடங்கி, பத்திரிகைகளிலே அரசியற் கேலிச்சித்திரம் வரைந்து பெயர்பெற்று, 1960களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். 43 குழுவைப் பற்றிய பேச்சிலே கீற்றுக்கும் ஜஸ்ரின் தரணியகலவுக்கும் கிடைக்கும் இடம் கொலெற்றுக்குக் கிடைப்பதில்லை. தமிழிலே ‘சவாரித்தம்பர்’ வரைந்த சுந்தர் என்னும் சிவஞானசுந்தரம், நாளேடுகளின் தயவில் தங்கியிராது 1964 இலே ‘சிரித்திரன்’ இதழைத் தாமே தொடக்கவேண்டியிருந்தது. அவரது சித்திரங்களின் கோட்டைப்பற்றிய விரிவான ஆய்வு பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளிலே நடைபெறவேண்டிய பணிகளுள் ஒன்று. யாழ்ப்பாணத்துக் கிழவரின் சால்வை மடிப்பையும் கொழும்புத் தமிழரின் நாகரிக மோகத்தையும் ஒரே மூச்சில் பிடித்த கை அது.

சேர்ல் இத்தாழ்நிலையை ஏற்க மறுத்தவர். 1961 இல் இலண்டன் வாழ்வையும் வெற்றியையும் உதறிவிட்டுப் பாரிசுக்குச் சென்றார். அதே ஆண்டு எருசலேமிலே அடொல்ஃப் ஐக்மனின் வழக்கை ‘லைஃப்’ சஞ்சிகைக்காக நேரிலிருந்து வரைந்தார். இலட்சக்கணக்கான யூதரின் கொலைக்கு நிருவாக ஒழுங்கு செய்த ஒரு மனிதனைக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளே வைத்து வரையும் பணிக்கு, குவாயின் காவலரைப் பூதங்களாக்காது வரைந்த கையைவிடப் பொருத்தமான கை வேறெங்கே கிடைக்கும்? இதற்கு முன்னரே ஐரோப்பிய அகதி முகாம்களுக்குச் சென்று, மனைவி கே வெப்புடன் இணைந்து 1960 இலே அகதிகளைப் பற்றிய சிறுநூலொன்றையும் வெளியிட்டிருந்தார். முள்வேலிக்குள் இருந்தவன் வேறு முள்வேலிகளைத் தேடிச்சென்று வரைந்தான் என்பது தற்செயலன்று.

பிரான்சிலே அவரது கோடு மாற்றமுற்றது. முன்பிருந்த ஒழுங்கான நிழற்கீறல்கள் குறைந்தன. பேனை முனை கீறிக் குத்திச் சிதறும் மையும், ஊறிப் படரும் வண்ணமும் மேலோங்கின. கோடு இப்போது தானே சினக்கின்றது, நடுங்குகின்றது, ஏளனம் செய்கின்றது. 1973 இல் பிரெஞ்சுத் தேசிய நூலகம் அவரது படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. வாழுங்காலத்திலேயே அங்கு இத்தகைய சிறப்பைப் பெற்ற பிறநாட்டுக் கலைஞர் அதற்குமுன் இலர். ஜெரல்ட் ஸ்கார்ஃப், றால்ஃப் ஸ்டெட்மன் ஆகிய பிந்திய ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரரின் மூர்க்கமான கோட்டுக்கு மூலம் சேர்லே. இக்காலத்து வேலைகள் எல்லாம் ஒரே தரத்தவை என்று கூறுதல் முகமனாகும். பூனைகளைப் பற்றிய தொகுதிகள் விற்பனையை நோக்கிய விளையாட்டு. அவற்றிலே கோடு சுழல்கின்றதேயன்றி எதனையும் கடிப்பதில்லை. 1995 முதல் ‘லெ மொண்ட்’ நாளேட்டுக்கு வரைந்த அரசியற் சித்திரங்களிலேதான், எழுபத்தைந்து வயதிலும், பழைய பல் திரும்பக் காணப்படுகின்றது.

இவை யாவற்றுக்கும் அப்பால், வெளியிடும் எண்ணமின்றி வரையப்பட்ட ஒரு தொகுதி உண்டு. இரண்டாவது மனைவி மொனிக்காவுக்கு 1969 இறுதியிலே மார்பகப் புற்றுநோய் கண்டது. ஒவ்வொரு முறையும் மருந்தேற்றச் செல்லும்போது படுக்கையிலே பார்த்திருக்கவென சேர்ல் ஒவ்வொரு வண்ணச் சித்திரம் வரைந்து கொடுத்தார். மொத்தம் 47. திருமதி மோல் என்னும் சிறிய அகழெலிப் பெண் புதிய வீட்டைத் துப்புரவாக்குகிறாள், விருந்து வைக்கிறாள், தோட்டத்திற் பூக்களிடையே நிற்கிறாள். நோயின் சாயல் எங்கும் இல்லை. கேலியும் இல்லை. சேர்லின் கோட்டிலே வழக்கமாக உள்ள முட்கள் யாவும் களையப்பட்டிருக்கின்றன. தனித்து நோக்கினால் இவை இனிப்பு மிகுந்த வாழ்த்தட்டைகள் போலத் தோன்றக்கூடும்; சில விமர்சகர் அவ்வாறே எண்ணிக் கடந்துவிடுவர். கொலராப் படுக்கையின் கீழே செருகப்பட்ட கடதாசிகளின் பக்கத்திலே வைத்து நோக்கும்போதே அவற்றின் எடை தெரியும். அங்கே இறந்துகொண்டிருந்தவனின் உடல் சித்திரத்தைக் காத்தது. இங்கே சித்திரம் நோயாளியின் தலைமாட்டிலே இருந்தது. மொனிக்கா பிழைத்து, நாற்பதாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து, 2011 யூலையிலே காலமானார். திருமதி மோல் சித்திரங்கள் அவ்வாண்டிலேதான் நூலுருப் பெற்றன. ஆண்டின் கடைசிக்கு முந்திய நாளில் சேர்லும் இறந்தார்.